ஞானஸ்நானம் கொடுக்கத் திருப்பதிக்குப் போனேன்

திருப்பதிக்குப் போகிறேன் என்றதும் பக்கத்து வீட்டுக் கமலா, "எனக்கு ரெண்டு லட்டு, மறந்துடாதீங்க சிஸ்டர்" என்றாள். எதிர்வீட்டு உபதேசியார் என் நெற்றியை மட்டும் ஒருமுறை உற்றுப் பார்த்தார். போகிற போக்கில் நாமம் போட்டுக்கொண்டு திரும்பிவிடுவேனோ என்ற கவலை அவருக்கு.

நான் தரங்கம்பாடிப் பக்கத்து லுத்தரன் சபைக்காரி. மிஷன் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். பிறந்த பிள்ளை பிழைக்காது என்று தெரிந்தால் போதகர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, பக்கத்தில் இருக்கும் விசுவாசி யாராயிருந்தாலும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்துவிடலாம் என்பது எங்கள் சபையின் ஏற்பாடு. அவசர ஞானஸ்நானம் என்போம். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று மூன்று கை தண்ணீர், ஒரு பெயர், அவ்வளவுதான். இந்தக் கையால் எத்தனை பிள்ளைகளுக்குக் கொடுத்திருப்பேன் என்று நான் எண்ணி வைத்துக்கொள்ளவில்லை. எண்ணினால் தூக்கம் வராது.

இந்தத் தகுதிக்காகத்தான் என் தங்கை மகள் ஹெப்சி போன் செய்தாள். அவளைச் சித்தூரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அவளுடைய பெண் குழந்தைக்கு இருதயத்தில் ஓட்டை. திருப்பதி ஆஸ்பத்திரி ஒன்றில் வியாழக்கிழமை ஆபரேஷன்.

"மாமா ஒத்துக்க மாட்டேங்கறாரு பெரியம்மா. ஆபரேஷனுக்கு முன்னாடி ஞானஸ்நானம் தேவையில்லைங்கறாரு. நீங்க வந்து ஊத்திடுங்க" என்று அழுதாள்.

அவளுக்கு இதற்கு முன் ஓர் ஆண் குழந்தை பிறந்து அன்றைக்கே இறந்துபோனது. யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. அந்தப் பயம்தான் அவளை ஆட்டிவைக்கிறது என்று எனக்குப் புரிந்தது. மறுவார்த்தை பேசாமல் கிளம்பிவிட்டேன்.

நேராக ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம். ஆனால் ஹெப்சியின் மாமனாரைத் தாண்டிக்கொண்டு காரியம் செய்வது முறையில்லையே, முதலில் பேசிப் பார்ப்போம் என்று சித்தூரில் இறங்கினேன். இறங்கியதும் மாம்பழ வாசனை மூக்கில் ஏறியது. ஊரைச் சுற்றிலும் மாம்பழக் கூழ் கம்பெனிகள். சீசன் சமயத்தில் அழுகல் வாசனையும் சேர்ந்துதான் வரும். எங்கள் ஊரில் மீன் வாடையை நாங்கள் பொறுத்துக்கொள்வதுபோல இவர்கள் இதைப் பொறுத்துக்கொள்கிறார்கள்.

சம்பந்தி சாமுவேல் பஸ் ஸ்டாண்டுக்கே வந்துவிட்டார். கலெக்டர் ஆபீஸில் சூப்பரிண்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய சபையில் மூப்பர். மனைவி இல்லை.

"இன்னா சம்மந்திம்மா, இந்த வெயில்ல வந்துக்கினு கீறீங்க. ஒரு போன் போட்டிருந்தா நானே திருப்பதில வந்து நின்னிருப்பேனே" என்றார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் சுவரைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் ஆட்டுக்குட்டியைத் தோளில் சுமந்த இயேசு படம் இருக்கும். எங்கள் கோயிலில் அல்தார் என்கிற பீடத்தின் மேல் சிலுவையில் இயேசுவின் சுரூபமும் இரண்டு மெழுகுவத்தியும் உண்டு. சாமுவேல் வீட்டில் வசனக் காலண்டர் ஒன்றுதான் தொங்கியது. இவர்கள் கால்வின் வழி வந்தவர்கள். லுத்தர் போப்போடு சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தாலும் பாதிச் சாமானைக் கையோடு எடுத்துவந்தவர். அவருக்குப் பின்னால் வந்த கால்வின் வீட்டையே காலி பண்ணி வெள்ளையடித்தவர். நான் இப்படிச் சொன்னபோது சாமுவேல் சிரித்துவிட்டார்.

"படம் மாட்டினா கண்ணு அதுமேல போய்டும். வார்த்தை மேல நிக்காது" என்றார்.

இரவுச் சாப்பாடு கேழ்வரகுக் களியும் நாட்டுக்கோழிக் குழம்பும். "நல்லா துன்னுங்க" என்று வற்புறுத்தினார். எங்கள் பக்கம் 'தின்னு' என்று மாட்டிடம்தான் சொல்வார்கள். களியின் ருசியில் அதைப் பெரிதுபடுத்தவில்லை. சாப்பிடும்போது, கடைசி வீட்டுக்காரன் ஆறாம் கட்டளையை மீறி ஜெயிலுக்குப் போய்வந்தவன் என்றார். எங்கள் எண்ணிக்கையில் ஆறாவது விபசாரம். அதற்கெல்லாம் ஆந்திராவில் ஜெயில் உண்டா என்று நான் திகைக்க, அவர் இன்னும் அதிகமாகத் திகைத்தார். பிறகுதான் தெளிந்தது. லுத்தரனும் கத்தோலிக்கரும் பத்துக் கட்டளைகளை ஒரே மாதிரி எண்ணுகிறோம். கால்வின்காரர்கள் சுரூபம் செய்யாதே என்பதைத் தனிக் கட்டளையாக நிறுத்துவதால் ஒன்று தள்ளிப்போகிறது. அவர்கள் எண்ணிக்கையில் ஆறாவது கொலை.

சிரித்த வாயோடு விஷயத்தை எடுத்தேன். "பாப்பாவுக்கு ஆபரேஷனுக்கு முன்னாடி ஞானஸ்நானம் கொடுத்துட்டா ஹெப்சி கொஞ்சம் தெம்பா இருப்பா."

அவர் முகம் மாறிவிட்டது. "ஆப்பரேஷன் முடிச்சிக்கினு வரட்டும். சபை முன்னாடி, போதகர் கையால கொடுக்கலாம். வார்டுல அவசரமா கொடுக்கற சமாச்சாரம் இல்ல அது."

"வராமப் போயிட்டா?"

"கர்த்தர் அதை முன்னாடியே தெரிஞ்சிக்கினுதான் இருக்காரு" என்று சொல்லிவிட்டுக் கைகழுவப் போனார்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. யார் யாரை இரட்சிப்பது என்று உலகம் உண்டாகும் முன்பே கடவுள் தீர்மானித்துவிட்டார் என்பது கால்வின்காரர்களுடைய நம்பிக்கை. அதைப் புத்தகத்தில் படித்தபோதே பிடிக்கவில்லை. ஒரு கைக்குழந்தையை வைத்துக்கொண்டு கேட்டபோது கல்மனசு என்றே நினைத்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சாமுவேலோடு அவர் கோயிலுக்குப் போனேன். அமெரிக்க மிஷனரிகள் காலத்து முறையை இன்னும் விடாத சின்னச் சபை. பாட்டு தெலுங்கில், பிரசங்கம் பாதி தெலுங்கு பாதி தமிழ். நடுவில் பிரசங்கபீடம், அதன்கீழ் ஒரு சாதாரண மேஜை. அன்றைக்குத் திருவிருந்து இருந்தது. போதகர் ஜெபித்து முடித்ததும் நான் பழக்கதோஷத்தில் எழுந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, முன்னால் போய் முழங்கால் போட்டுவிட்டேன். பின்னால் யாரும் வரவில்லை. திரும்பிப் பார்த்தால் எல்லாரும் அவரவர் இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். மூப்பர்கள் தட்டில் ரொட்டித் துண்டுகளையும் சின்னச் சின்னக் கண்ணாடிக் கிண்ணங்களில் திராட்சரசத்தையும் வரிசை வரிசையாகக் கொண்டுபோகிறார்கள். நான் போதகரின் பாதத்தண்டையில் தனியாக முழங்காலில் கிடக்கிறேன்.

சாமுவேல் தட்டோடு நேராக என்னிடம் வந்தார். எழுந்திருங்கள் என்று சொல்லவில்லை. குனிந்து, மண்டியிட்ட இடத்திலேயே எனக்குக் கொடுத்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போனார். அந்த மனிதர்மேல் இருந்த கோபம் கொஞ்சம் குறைந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

திங்கட்கிழமை திருப்பதி பஸ். ஊரைத் தாண்டுவதற்குள் நின்றுவிட்டது. கூழ் கம்பெனி வாசலிலிருந்து கிளிமூக்கு மாம்பழம் ஏற்றிய டிராக்டர்கள் ரோட்டை அடைத்து நின்றன. டிரைவர் இஞ்சினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கி ஒரு பழத்தை வாங்கி, பல்லாலேயே தோலை உரித்தார். "சாமி தரிசன டோக்கன் போயிடும்" என்று ஒருவர் தெலுங்கில் கத்தினார். "சாமி எங்கேயும் போகமாட்டார், மலைமேலதான் நிக்கிறார்" என்று டிரைவர் தெலுங்கிலேயே பதில் சொன்னார். பஸ் முழுக்கச் சிரிப்பு.

திருப்பதியில் ஷேர் ஆட்டோ. நான் ஆஸ்பத்திரி என்று சொன்னது டிரைவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. கூட இருந்த எல்லாரும் மொட்டை போடப் போகிறவர்கள். என்னையும் சேர்த்து அலிபிரியில், மலை ஏறும் இடத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டான். சந்தனம் பூசின மொட்டைத் தலைகளுக்கு நடுவே வெள்ளைச் சேலையும் பையுமாக நின்றேன். ஒரு அம்மாள் என்னைப் பார்த்து, "கூட்டத்துல ஆள தொலச்சிட்டீங்களா?" என்று தெலுங்கில் விசாரித்து, தன் மகனை அனுப்பி வேறு ஆட்டோ பிடித்துக்கொடுத்தாள்.

ஹெப்சி என்னைப் பார்த்ததும் கட்டிக்கொண்டாள். குழந்தை நீலம் பாய்ந்த உதட்டோடு தூங்கியது. "பெரியம்மா, இப்பவே ஊத்திடலாமா?" என்றாள். இன்னும் நாள் இருக்கிறது, உன் மாமனார் புதன்கிழமை வருகிறார், ஒரு தடவை பேசிவிடுகிறேன் என்றேன். அரைமனதோடு தலையாட்டினாள்.

பக்கத்துக் கட்டிலில் பலமனேர்ப் பக்கத்து ஆரோக்கியம். ஆபரேஷன் முடிந்து தேறிவரும் மகனோடு இருந்தாள். கத்தோலிக்கப் பெண். கட்டில் கம்பியில் ஜெபமாலை, பிள்ளையின் சட்டையில் மாதா மெடல். செவ்வாய்க்கிழமை, அவர்கள் சாமியார் என்கிற பாதிரியார் ஒருவர் அவளுக்கு நற்கருணை அப்பம் கொண்டுவந்தார். அவர் போனதும் அவளும் நானும் பேச ஆரம்பித்தோம். அந்த அப்பம் இனி அப்பமே இல்லை, முழுக்க ஆண்டவருடைய உடல் என்றாள் அவள். அப்பமும் உண்டு, அதோடுகூட ஆண்டவருடைய சரீரமும் உண்டு என்பது எங்கள் கட்சி என்றேன். என் சம்பந்தியைக் கேட்டால் அப்பம் அப்பம்தான், ஆவியினால் நாம்தான் ஆண்டவரிடத்துக்கு உயர்த்தப்படுகிறோம் என்பார் என்றும் சொன்னேன்.

"அப்ப உங்களுக்கும் எங்களுக்கும்தான் கிட்டத்துல கீது" என்று சந்தோஷப்பட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா எங்க சாமியாரு உங்களுக்குக் குடுக்கமாட்டாருக்கா" என்றாள்.

ஞானஸ்நானப் பேச்சு வந்தபோது அவள் துள்ளி உட்கார்ந்தாள். "இன்னாக்கா இது, இன்னும் ஊத்தலயா? என் புள்ளைக்கு ஆஸ்பத்திரிலயே ஊத்தியாச்சி. எங்க அம்மா காலத்துல, ஊத்தாம செத்த கொழந்தைங்களுக்கு மோட்சமும் இல்லாம நரகமும் இல்லாம லிம்போன்னு ஒரு எடம் சொல்லிக்கினு இருந்தாங்க. இப்ப சாமியாரு அதப் பத்திப் பேசறதில்ல. ஆண்டவரோட இரக்கத்த நம்பணும்னு சொல்றாரு. இருந்தாலும் எதுக்குக்கா ரிஸ்க்கு?"

ஹெப்சி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நீங்க ஊத்தலன்னா சொல்லுங்க, நான் ஊத்தறேன். அவசரத்துக்கு யாரு வேணும்னாலும் ஊத்தலாம்" என்றாள் ஆரோக்கியம். நல்ல மனசோடுதான் சொன்னாள். மூன்று சபைகளும் ஒத்துப்போகிற இடம் ஒன்று உண்டு. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்ற திரியேகர் பேரால் ஒருமுறை கொடுத்தால் கொடுத்ததுதான், இரண்டாம் முறை கிடையாது. அதனால் அவளைக் கண்காணிப்பதும் என் வேலையாகிவிட்டது.

புதன்கிழமை மத்தியானம் சாமுவேல் வந்தார். ஆஸ்பத்திரிக்குப் பின்னால், நோயாளிகளுடன் இருப்பவர்கள் துணி காயப்போடுகிற இடத்தில் ஒரு புங்க மரம். அதன்கீழ் அவர் கொண்டுவந்த தயிர்சாதத்தைப் பிரித்துச் சாப்பிட்டோம். நான் ஆரம்பிக்கும் முன் அவரே ஆரம்பித்தார்.

"நீங்க இன்னாத்துக்கு வந்தீங்கன்னு எனக்குத் தெரியும் சம்மந்திம்மா. நீங்க ஊத்தினா நான் கையப் பிடிக்கமாட்டேன். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நாளைக்கு இதுக்குத் தண்ணி ஊத்திட்டீங்க. ஹெப்சி நிம்மதியா ஆயிட்டா. அப்புறம் அவ யோசிப்பா இல்ல? இதுக்குத் தண்ணி கட்டாயம் வேணும்னா, மூத்ததுக்கு?"

நான் கையில் எடுத்த கவளத்தைத் திரும்ப வைத்தேன்.

"அன்னிக்கு அத துணில சுத்தி எடுத்துக்கினு போனது நான்தான். எடுக்கும்போது அவ கேட்டா, மாமா, தண்ணிகூட ஊத்தலயேன்னு. அது பொறக்கறதுக்கு முன்னாடியே கர்த்தரோடதும்மா, தண்ணி ஊத்தி அதக் கர்த்தரோடதா ஆக்கவேண்டியதில்லன்னு சொன்னேன். ரொம்ப நாளு கழிச்சி, அந்த வார்த்தையப் பிடிச்சிக்கினுதான் அவ எழுந்து சோறு துன்னா. இப்ப நானே அவசரப்பட்டா, அன்னிக்கு இந்தக் கெழவன் பொய் சொல்லிட்டான்னுதானே அர்த்தம்?"

அவர் கண்ணைத் துடைக்கக்கூட இல்லை. டிபன் பாக்ஸை மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தார். கல்மனசு என்று நான் நினைத்த மனிதர் இவர்தான்.

கொடியில் தொங்கின துணிகளை விலக்கிக்கொண்டு ஹெப்சி வந்தாள். குழந்தையின் துணிகளை எடுக்க வந்தவள் முழுவதையும் கேட்டிருந்தாள். மாமனாரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"நீங்க சொல்லுங்க பெரியம்மா. அவன் எங்க இருக்கான்?"

எங்கள் சபையில் இதற்குப் பதில் இருக்கிறது. ஞானஸ்நானம் கிடைக்காமல் போவது கெடுதி அல்ல, கிடைத்தும் அதை அலட்சியம் செய்வதுதான் கெடுதி, அப்படிப் போன குழந்தைகளை தேவ இரக்கத்துக்கு ஒப்புக்கொடுக்கிறோம் என்று போதித்திருக்கிறார்கள். நல்ல பதில். வார்டில் எத்தனையோ தாய்களிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஒப்புக்கொடுக்கிறோம் என்பதில் ஒரு "ஒருவேளை" ஒட்டிக்கொண்டிருக்கிறது. சாமுவேலின் பதிலில் அது இல்லை.

"கர்த்தர்கிட்ட இருக்கான்" என்றேன். ஒருவேளையைச் சேர்க்கவில்லை.

அவள் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். "அப்ப இவளுக்கும் இப்ப வேணாம். வீட்டுக்கு வரட்டும், எல்லார் முன்னாடியும் கொடுக்கலாம்" என்று சொல்லிவிட்டு மாடி வார்டுக்குப் போனாள்.

வியாழக்கிழமை காலையில் குழந்தையைத் துடைத்துத் தயார்செய்யச் சொன்னார்கள். நான் நர்ஸ் என்று தெரிந்ததால் டியூட்டி நர்ஸ் என்னிடமே கொடுத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போனாள். நானும் குழந்தையும் மட்டும். பக்கத்தில் வெதுவெதுப்பான தண்ணீர். யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆபரேஷனுக்கு முன் மெடலைக் கழற்றுவதுபோல மனசிலிருந்து ஒரு பழக்கத்தைக் கழற்ற முடியுமா? உண்மையைச் சொல்கிறேன், பயந்தேன். வாயில் பிதா குமாரன் என்று வந்துவிட்டது. பஞ்சை நனைத்துக் கை, கால், மார்பு துடைத்தேன். தலைக்கு வந்தபோது காய்ந்த துணியால் துடைத்தேன். சொட்டுத் தண்ணீர் படக்கூடாது என்று அவ்வளவு ஜாக்கிரதையாக எந்தப் பிள்ளையையும் நான் துடைத்ததில்லை. பிறகு ஹெப்சியின் கையில் கொடுத்தேன், அவள் தியேட்டர் வாசல்வரை கொண்டுபோனாள்.

வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்தோம். ஹெப்சியின் புருஷன் தினகர் நடந்துகொண்டே இருந்தான். ஆரோக்கியம் ஜெபமாலை உருட்டினாள். சாமுவேல் கண்ணை மூடிச் சங்கீதம் சொன்னார். நடுவில் கர்த்தருடைய ஜெபத்தைச் சேர்ந்து சொல்வோம் என்றேன். நாங்கள் பிதாவே என்றோம், ஆரோக்கியம் தந்தையே என்றாள். விசுவாசப் பிரமாணத்தில் கிறிஸ்தவ சபை என்றேன் நான், பொதுவான சபை என்றார் சாமுவேல், கத்தோலிக்கத் திருச்சபை என்று ஆரோக்கியம் எங்கள் இருவரையும்விடச் சத்தமாகச் சொன்னாள். யாரும் யாரையும் திருத்தவில்லை. மற்றதெல்லாம் ஒன்றாகவே வந்தது.

சாயங்காலம் டாக்டர் வெளியே வந்து, ஓட்டையை அடைத்தாகிவிட்டது, இனி பயமில்லை என்று தெலுங்கில் சொன்னார். தினகர் அவர் காலில் விழப்போனான், சாமுவேல் சட்டைக் காலரைப் பிடித்து நிறுத்தினார். "மனுஷன் கால்ல எதுக்குடா" என்றார். சொல்லிவிட்டு அவரே டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றார்.

மறுநாள் தினகர் மட்டன் பிரியாணிப் பொட்டலங்கள் வாங்கிவந்தான். ஆரோக்கியம் மோந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "வெள்ளிக்கிழமக்கா, இன்னிக்கி சுத்தபோசனம், கறி துன்னக்கூடாது" என்று தக்காளிச் சாதம் சாப்பிட்டாள். அவள் பங்கையும் சேர்த்துச் சாமுவேல் சாப்பிட்டார். அடுத்த மாதம் சித்தூரில், சபை முன்னால் ஞானஸ்நானம் என்று முடிவாகிவிட்டது. என்னையும் வரச் சொல்லியிருக்கிறார். போவேன். அதற்காக நான் கால்வின் கட்சிக்கு மாறிவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். நாளைக்கே வேறொரு தாய் கூப்பிட்டாலும் தண்ணீரோடு போய் நிற்பேன்.

நான் ஊருக்குக் கிளம்பும் நாளில் ஆரோக்கியமும் மகனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அந்தக் கட்டிலுக்கு ஒரு தெலுங்குப் பெண் வந்திருந்தாள். கையில் குழந்தை, கண்ணில் பயம். பேச்சுத் துணைக்கு ஹெப்சியிடம், "உனக்கு இது ஒண்ணுதானாம்மா?" என்று கேட்டாள்.

குழந்தையை மடியில் மாற்றிப் போட்டுக்கொண்டு ஹெப்சி தெலுங்கில் சாதாரணமாகப் பதில் சொன்னாள்.

"இல்லக்கா, ரெண்டு. பெரியவன் கர்த்தர்கிட்ட இருக்கான். இவ சின்னவ."